செவ்வாய்க்கிழமைக் கட்டில்

அத்தியாயம் 11

கொழும்புக்கு வந்து இரண்டு மாதமும் ஒரு கிழமையும் ஆகியிருந்தது. அதற்குள் சிவமணிக்குப் பிடிபட்ட சிங்களச் சொற்கள் பத்துக்கு மேல் இராது. தண்ணீர், எவ்வளவு, எங்கே, இறங்கவேணும் என்ற அளவில் அவை நின்றன. பதினோராவது சொல்லை ஒரு பஸ் கண்டக்டர்தான் பழக்கிவிட்டார். நுகேகொடையைத் தாண்டி, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் "பிளிகா, பிளிகா" என்று அவர் கூப்பிடுவார். இறங்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்குவார்கள்.

பிளிகா என்றால் புற்றுநோய்.

அம்மா சிவக்கொழுந்துவின் காதிலும் அந்தச் சொல் விழும். அது அந்த இடத்தின் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குடும்பம் வெள்ளவத்தையில் ஏன் வந்து கிடக்கிறது என்பது தெரிந்த கதைதான். தபாலதிபர் நாகேந்திரம் காலமான பிறகு கொக்குவில் வீட்டில் தாயும் மகளுமாக இருந்தவர்கள், சண்டை திரும்பவும் தொடங்கிய மறுவருடம், கடல்நீரேரியைக் கடக்கும் கொம்படிப் பாதையால் உழவு இயந்திரத்தில் ஏறி, இடுப்பு வரைக்கும் சேறு பூசிக்கொண்டு மூத்தவன் வரதராசாவின் வீட்டில் வந்து இறங்கினார்கள். ரொறன்ரோவில் இருக்கும் இளையவன் சிவபாலன், தாயையும் கலியாணமாகாத தங்கையையும் ஸ்பொன்சர் செய்திருந்தான். நேர்முகம் முடிந்துவிட்டது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அது வருகிற புதன்கிழமை.

இடையில் வந்ததுதான் அந்தக் கட்டி. மூன்று கிழமைக்கு முன்பு குழாயடியில் அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிட்டபோது சிவமணியின் கைக்கு அது தட்டுப்பட்டது. இடது மார்பின் கீழே, புளியங்கொட்டை அளவில். அம்மா கையைத் தட்டிவிட்டு, அது வாயுக்கட்டி என்றார். சிவமணி விடவில்லை. ஊசி குத்தி எடுத்த தசையின் முடிவு இன்றைக்கு வரும்.

வெள்ளிக்கிழமை. வரதராசா பம்பலப்பிட்டியில் தான் வேலைசெய்யும் காப்புறுதிக் கம்பனிக்கு லீவு போட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் மண்டபம் காலை ஏழு மணிக்கே நிரம்பிவிட்டது. நாட்டின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் ஆட்கள் நெருக்கி உட்காரும் இந்த நீள வாங்குகளில் எல்லா மூலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. தெற்கிலிருந்து இரவோடு இரவாக வந்த ஒரு கிழவர், துவாயால் வாயைப் பொத்தியபடி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. கழுத்திலும் கன்னத்திலும் ஊதா மையால் கோடு போட்டவர்கள், கரண்ட் பிடிக்கும் கதிர்வீச்சு அறைக்கு முன்னால் வரிசையாக. அந்தக் கோடு அழியாமலிருக்க அவர்கள் முகம் கழுவுவதில்லை என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார். உள்ளே ஒரு இயந்திரம் கொர்ரென்று சுழன்று நிற்கும். ஒருவர் வெளியே வருவார். அடுத்தவர் போவார். நாளெல்லாம் அப்படித்தான்.

முதலில் ஆராய்ச்சிப் பகுதியிலிருந்து ஒரு பெண் கோப்போடு வந்தாள். வருகிற எல்லா நோயாளிகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதுவது அவள் வேலை. வெற்றிலை போடுவதுண்டா, எத்தனை பிள்ளைகள், எந்த வயதில் முதற்பிள்ளை, எத்தனை மாதம் பால் கொடுத்தது. வரதராசா சிங்களத்தில் கேட்டு, தமிழில் அம்மாவிடம் சொல்லி, பதிலைத் திரும்பச் சிங்களத்தில் சொன்னான். கடைசிக் கேள்வி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா என்பது.

அம்மா தன் தமக்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கைதடியில் இருந்தவர். மார்பில் புண் வந்து, ஒருத்தருக்கும் காட்ட வெட்கப்பட்டு, ஒரு வருடம் சேலையால் மூடிக்கொண்டே இருந்து செத்துப்போனவர். மணம் தாங்காமல் பிள்ளைகள் கூட அறைக்குள் போகவில்லை என்றார். ஐந்து நிமிடம் சொல்லியிருப்பார்.

வரதராசா அந்தப் பெண்ணைப் பார்த்து, "நே" என்றான்.

இல்லை என்று அவள் எழுதிக்கொண்டாள்.

சிவமணிக்கு அது விளங்கியது. அம்மாவின் நீண்ட கதையைச் சொல்ல அண்ணனுக்குப் பஞ்சி, அலுப்பாக்கும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

பத்தரை மணிக்கு நம்பர் கூப்பிட்டார்கள். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே போகலாம். வரதராசா அம்மாவைக் கூட்டிப்போனான். சிவமணி வாங்கின் நுனியில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணித்தியாலத்தில் இருவரும் வந்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தான். வெறும் கொழுப்புக் கட்டியாம், பயப்பட ஒன்றுமில்லையாம், குளிசை போட்டால் மெல்ல மெல்லக் கரைந்துவிடுமாம் என்றான்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மூன்று கிழமையாக நிமிர்ந்திராத தோள் நிமிர்ந்தது. பிள்ளையாருக்கு நேர்ந்திருப்பதாகச் சொன்னார். சிவமணிக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. அண்ணன் மருந்து வாங்க வெளியே போக, அம்மா முகம் கழுவப் போனார்.

அப்போதுதான் ஒரு பெண் வந்து பக்கத்தில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முக்காட்டின் கீழே கழுத்தில் ஊதாக் கோடு. கொட்டாஞ்சேனையிலிருந்து வருவதாகவும், பெயர் ரபீக்கா என்றும் காலையிலேயே அம்மாவோடு கதைத்திருந்தார்.

"மகள், கோவிச்சுக்காதீங்க. அடுத்தவங்கட வீட்டு விசயத்துல தலபோடுற பழக்கம் எனக்கில்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "டொக்டர் சென்னது வேற. ஒங்கட நாநா உம்மாக்குச் சென்னது வேற."

டொக்டரின் அறையில், திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் அவர் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாராம். இது புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம், உடனே எடுத்துவிட்டால் நல்லாக வரும் என்று டொக்டர் சொன்னாராம். வருகிற செவ்வாய்க்கிழமை வார்ட்டில் ஒரு கட்டில் இருக்கிறது, அன்றைக்கே வந்து நிற்கட்டும் என்றாராம். அம்மா என்ன சொல்கிறார் என்று இரண்டு தரம் கேட்டாராம். அம்மாவுக்கு வெட்ட விருப்பமில்லை, நாட்டு வைத்தியம் பார்க்கப்போகிறோம் என்று வரதராசா சொன்னானாம். டொக்டருக்குக் கோபம் வந்து, அப்படியென்றால் எழுதி ஒப்பம் வை என்று ஒரு தாளைத் தள்ளினாராம். அவன் வைத்தானாம்.

உங்களுக்குப் பிழையாகக் கேட்டிருக்கும் என்று சிவமணி சொன்னாள். அவர் மறுத்துப் பேசவில்லை. "எனக்கும் பிழையாக் கேட்டிருந்தா நல்லந்தான் மகள்," என்றார். அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கரண்ட் பிடிக்கும் அறைப் பக்கம் போனார்.

சிவமணி வெளியே ஓடினாள். தெருவைக் கடந்தால் ஒரு பார்மசி. வரதராசா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு போத்தலிலிருந்து சிவப்புக் குளிசைகளை ஒரு கடித உறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தான். போத்தலில் இருந்த பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விற்றமின். உறையின் மேலே 'காலை 1, இரவு 1' என்று தன் அழகான எழுத்தில் எழுதினான்.

திரும்பியபோது தங்கை நிற்பதைக் கண்டான். அவள் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பார்மசிக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள் கூட்டிப்போய்ச் சொன்னான். மறைக்கவில்லை. நேற்று ரொறன்ரோவிலிருந்து சிவபாலன் கம்பனிக்குப் போன் எடுத்தபோது, முடிவு புற்றுநோய் என்று வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருமாக ஒரு மணித்தியாலம் கதைத்து முடிவு செய்ததாம். இப்போது வெட்டினால் புதன்கிழமை மெடிக்கலுக்குப் போக ஏலாது. பிறகு போனாலும் மார்பில் தையலோடு போகிற தாயை அவர்கள் எடுப்பார்களா. அம்மா விழுந்தால் அம்மாவின் பிள்ளையாகப் போகிற சிவமணியும் விழுவாள். அங்கே போய் இறங்கிய கிழமையே சிவபாலன் ஒப்பரேசனுக்கு ஒழுங்கு செய்வான்.

"அம்மாட உயிர், அண்ணை."

"உயிரைப் பற்றித்தான் நானும் கதைக்கிறன். உன்ர உயிர்."

போன மாதச் சுற்றிவளைப்பை அவன் ஞாபகப்படுத்தினான். பதினொரு பெண்பிள்ளைகளோடு அவளைப் பொலிசில் இருத்தி வைத்திருந்தார்கள். பகலும் இரவும் வாசலில் நின்றவன் அவன்தான். அதை அவள் மறக்கவில்லை. திரும்பிப் போகக் கொக்குவிலும் இல்லை. அவளோடு படித்த இரண்டு பேர் அங்கே இப்போது படமாக மதிலில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள்.

"போறதுக்கு ஆறு மாசம் செல்லும். ஆறு மாசம் பொறுக்குமெண்டு டொக்டர் சொன்னவரோ?"

வரதராசா தெருவில் போன லொறியைப் பார்த்தான். பிறகு உறையை அவள் கையில் வைத்தான்.

"அம்மாட்டச் சொல்லப்போறியெண்டாச் சொல்லு. நான் மறிக்கேல்லை. சொல்லிப்போட்டுக் கனடாவை மறந்திடு."

சிவமணி தெருவைக் கடந்து திரும்பி வந்தாள். அம்மா கழுவிய முகத்தோடு, நெற்றியில் புதிதாகத் திருநீறும் பூசிக்கொண்டு, வாங்கில் இருந்தார். என்ன மருந்து என்று கேட்டார். சிவமணி உறையை நீட்டி, காலமை ஒன்று இரவு ஒன்று என்றாள்.

சொல்லிவிட்டுத்தான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதைத் திருத்த அப்போது ஒரு நிமிடம் இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஒரு மணித்தியாலம் இருந்தது. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அண்ணி சரோஜினிதேவி பாயாசம் காய்ச்சியிருந்தாள். அண்ணிக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகம் எப்போதும் போலச் சுத்தமாக இருந்தது. முன்வீட்டோடு ஒட்டிய இரண்டு அறை அனெக்ஸில் இரண்டு மாதத்துக்கு மேலாக நான்கு பேர். பெட்டிகளை அடுக்கிவைத்து அதன்மேல் துணி விரித்து மேசையாக்கியிருந்தார்கள். இனி இந்தப் பெட்டியெல்லாம் கிளம்பிவிடும் என்று அண்ணி சொன்னாள். சந்தோசமாகத்தான் சொன்னாள்.

அம்மா இரண்டு கோப்பை பாயாசம் குடித்தார். பிறகு, ரொறன்ரோக் குளிருக்கென்று சிவமணி புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிவைத்திருந்த அரக்கு நிறக் கோட்டை எடுத்துவரச் சொல்லி, தானே போட்டுப் பார்த்தார். கை நீளம். சேலைக்கு மேலே கோட்டும், காலில் செருப்புமாக அறை நடுவில் நின்று அம்மா சிரித்தபோது அண்ணியும் சிரித்தாள். சிவமணியும் சிரிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவள் மனம் அசிங்கமான ஒரு வேலை செய்தது. அண்ணன் சொல்வதில் பிழையில்லையோ என்று அது கேட்டது. ஆறு மாதம் என்ன பெரிய காலமா. ஆரம்பம் என்றுதானே டொக்டரும் சொன்னார். கைதடிப் பெரியம்மா ஒரு வருடம் இருந்தாவே. இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவள் எழும்பினாள். குசினிக்குப் போய்ப் பாயாசத்தைக் கழுவு தொட்டியில் ஊற்றினாள்.

மூன்று மணிக்குப் பொலிஸ் நிலையம் போகவேண்டும். வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பதிவு திங்கட்கிழமையோடு முடிகிறது. காரணம் காட்டி நீடிக்கவேண்டும். மூவருமாகப் போனார்கள்.

வாங்கு நிறைய ஆட்கள். எல்லோருடைய மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அடையாள அட்டையும் ஒரு காரணமும். பதிவு மேசையில் இருந்தவர் வயதான சார்ஜன்ட். கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு ஆறுதலாக எழுதினார். வெளிநாட்டுப் பயணம் என்று சொன்ன இரண்டு பேருக்குத் தலையாட்டி, ஒரு கிழமைதான் தரலாம் என்று அனுப்பிவிட்டார்.

வரதராசா அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தங்கள் முறை வந்தபோது, மேற்சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து விரித்து மேசையில் வைத்தான்.

"அம்மாட்ட பிளிகாவக், சேர்," என்றான்.

சிவமணி சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா தனக்குப் பழகிய சொல் ஒன்று கேட்டதில் தலையாட்டினார். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைத்தான் மகன் சொல்கிறான் என்று விளங்கிக்கொண்டிருப்பார். சார்ஜன்டைப் பார்த்து மரியாதைக்குச் சிரிக்கவும் செய்தார்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. அட்டையை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கதிரையை இழுத்து, அம்மாவை இருக்கச் சொன்னார். அந்த வாங்குகளில் காத்திருந்த வேறு எவருக்கும் அவர் கதிரை கொடுக்கவில்லை.

"நான் வவுனியாவுல நாலு வருசம் வேலை," என்றார் தமிழில். "தமிழ் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்."

வரதராசா அவசரமாகச் சிங்களத்தில் ஏதோ சொல்லப் பார்த்தான். சார்ஜன்ட் அவனைக் கையால் மறித்தார். நல்ல மனதோடு செய்தார்.

"அம்மா பயம் வாணாம். என்ட நோனா, என்ட பெண்சாதிக்கும் இதுதான், கான்சர்." தன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "அந்த ஆஸ்பத்திரிதான். போன வருசம் வெட்டினது. இப்ப நல்லம், சோறு சமைக்குது. அம்மாவும் சீக்கிரம் வெட்டு. பிந்த வாணாம்."

பிறகு மூன்று மாத நீடிப்பு எழுதி, முத்திரை குத்தி, அட்டையோடு அம்மாவின் கையிலேயே கொடுத்தார்.

அம்மா அட்டையைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. அதை இரண்டாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார். எழும்பிக் கைகூப்பி, நன்றி சொல்லத் தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைச் சொன்னார். "ஸ்தூதி."

வெளியே வந்ததும் வரதராசா ஓட்டோ பிடித்தான். அம்மா ஏறவில்லை. காலி வீதியில் நடக்கத் தொடங்கினார். சிவமணி கூடப் போனாள். வரதராசா ஓட்டோக்காரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பத்தடி பின்னால் வந்தான்.

புடவைக்கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் தாண்டி வெகுதூரம் அம்மா நடந்தார். ஒரு சந்தியில் வாகனங்களுக்காக நின்றபோதுதான் கேட்டார்.

"நீ எப்ப அறிஞ்சனி?"

"காலமை, அம்மா."

"குளிசை தரேக்க?"

"ஓம்."

"பாயாசம் குடிக்கேக்கையும் தெரியும்."

தெருவைக் கடந்தார்கள். அதன்பிறகு அம்மா கேட்கக் கேட்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆரம்பம் என்றது, செவ்வாய்க்கிழமைக் கட்டில், அண்ணன் வைத்த ஒப்பம், டொக்டர் இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரம் கேட்டவரோ என்று அம்மா திருப்பிக் கேட்டார். அது அவருக்கு முக்கியமாகப் பட்டது போலிருந்தது.

"என்னட்டக் கேட்டிருக்கலாம், பிள்ளை," என்றார் கடைசியில். கோபமில்லாத குரல். "அம்மா, எனக்குப் போகோணும், ஒரு ஆறு மாசம் பொறுங்கோ எண்டு நீ கேட்டிருந்தால் நான் ஓம் எண்டிருப்பன். சத்தியமா ஓம் எண்டிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை."

இப்போது கேட்கலாமா என்று ஒரு கணம் சிவமணியின் நாக்கு நுனிக்கு வந்தது. வந்ததை நினைத்து அவள் பிறகு பலநாள் வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வரதராசா அம்மாவின் காலடியில் இருந்து அழுதான். தான் தனக்காக ஒன்றும் செய்யவில்லை என்றான். இந்தக் கொழும்பில் ஒவ்வொரு இரவும் கதவு தட்டுப்படுமோ என்று பயந்து படுக்கிறவன் தான்தான் என்றான். அதெல்லாம் உண்மைதான். அண்ணி சுவரோடு சாய்ந்து நின்றாள். அம்மா மகனின் தலையைத் தடவவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. விற்றமின் குளிசை உறையை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தார். அவன் அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமைகளில் ஆறு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வரும். அனெக்ஸுக்குப் போன் இல்லை. முன்வீட்டுக்காரர் றேமண்ட் வீட்டு ஹோலில்தான் எடுப்பார்கள். றெயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தனிமனிதர். மனைவி போனபிறகு சமையற்காரி ஒருத்தியும், மேசை நிறையச் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளும்தான் துணை. தமிழும் சிங்களமும் ஒரே மாதிரிப் பேசுவார். வழமையாக வரதராசா முதலில் பேசி, பிறகு அம்மாவிடம் கொடுப்பான். இன்றைக்கு மணி அடித்தபோது அம்மா தானே எழும்பினார். வரதராசாவை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். சிவமணி பின்னால் போய் வாசற்படியில் நின்றாள்.

அம்மா றிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடிஞ்சிட்டுதோ மகன், சாப்பிட்டனியோ என்று கேட்டார். பிறகு, உனக்கும் தெரியுமோ என்று கேட்டார். அந்தப் பக்கம் சிவபாலன் வெகுநேரம் ஏதோ சொன்னான். அம்மா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். அவன் சொல்லி முடித்தானா இல்லையா தெரியாது, அம்மா றிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். அதன் இடத்தில் வைக்கவில்லை. மேசைமேல் பத்திரிகையின்மீது மெல்லக் கிடத்தினார். அதற்குள்ளிருந்து சிவபாலனின் குரல் வண்டு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது.

றேமண்ட் கதிரையிலிருந்து எழும்பி, என்னம்மா, லைன் போய்விட்டதா என்று கேட்டார்.

"ஐயா, எனக்குச் சிங்களம் தெரியாது," என்றார் அம்மா. "வாற செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கோணும். அந்தக் கட்டில் இருக்கோ, வேற ஆருக்கும் குடுத்திட்டினமோ தெரியாது. டொக்டர் சொல்லுறதை எனக்கும், நான் சொல்லுறதை டொக்டருக்கும், சொன்னது சொன்னபடி சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களால வர ஏலுமோ?"

கிழவர் ஒன்றும் விளங்காமல் வாசற்படியில் நின்ற சிவமணியைப் பார்த்தார். மகள் கூட வருவாதானே என்று கேட்டார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லை, அவள் வரமாட்டாள்," என்றார். "அவளுக்கு அடுத்தநாள் மெடிக்கல்."